ஏற்காட்டு வீட்டுக்கு அஞ்சு ஸ்டார்

ஆண்டவன் புத்தியைப் பங்கு போட்ட அன்றைக்குப் பூபாலனும் சுகிர்தாவும் யார் வீட்டுக்கோ காவல் இருக்கப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் பாத்திரம் காலி.

அதுதான் அவர்கள் பிழைப்பு. சொந்தமாக வீடு கிடையாது. வெளியூர் போகிறவர்கள் வீட்டில் தங்கிக் காவல் காத்துக்கொண்டு, ஆபீஸ் வேலையை லேப்டாப்பில் தட்டிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியுமாக ஊர் ஊராகச் சுற்றுவது. காவலுக்கு ஆள் பிடித்துத் தரும் ஆப்பில் வீட்டுக்காரர் அஞ்சு ஸ்டார் போட்டால்தான் அடுத்த வீடு. போன வீட்டில் கிடைத்தது ஒன்றே ஒன்று. இங்கேயும் கோட்டை விட்டால் ஆவடியில் பூபாலனின் அண்ணன் வீடுதான் கதி. அண்ணியின் வாய்க்குப் பயந்து சுகிர்தா அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

ஏற்காட்டு வீட்டுக்காரர் எட்வின், ரிட்டையர்டு பேங்க் மேனேஜர். பெங்களூரில் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் மனைவி மெர்லின் சொன்னார்: "ரோஜாச்செடிக்குத் தினமும் தண்ணி ஊத்துங்க. இங்க திருட்டு பயம் ஜாஸ்தி. நாங்க ஊர்ல இல்லைன்னு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. நாங்க இருக்கிற மாதிரியே இருக்கணும்."

மறுநாள் கொட்டோ கொட்டென்று மழை.

"ஏங்க, மழையே ஊத்துதே?"

"அது மழை ஊத்துறது. நம்மளைத்தானே ஊத்தச் சொன்னாங்க?"

பூபாலன் ரோஜாச்செடிக்குக் குடை பிடித்தான். சுகிர்தா தொப்பலாக நனைந்தபடி செம்பு செம்பாக ஊற்றினாள்.

அடுத்தது, அவர்கள் இருக்கிற மாதிரியே இருப்பது. பூபாலன் எட்வினின் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டான். சுகிர்தா மெர்லினின் நைட்டிக்குள் புகுந்தாள். பிறகு பால்காரரிடம் போய், "அண்ணே, நாங்க தினமும் என்ன பண்ணுவோம்?" என்று கேட்டாள்.

பால்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "எட்வின் சாரும் அம்மாவுமா? கேட் கிட்ட நின்னு சண்டை போடுவாங்க. 'எல்லாம் உன்னாலதான்'பாரு சாரு. 'உங்களைக் கட்டினதுதான் தப்பு'ம்பாங்க அம்மா."

அன்றிலிருந்து தினமும் காலையில் கேட்டருகே சண்டை.

"எல்லாம் உன்னாலதான்! தொண்டை போதுமா கண்ணு?"

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. உங்களைக் கட்டினதுதான் தப்பு!"

ஆபீஸிலிருந்து மேனேஜர் மீட்டிங்குக்குக் கூப்பிட்டார். சுகிர்தா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரிட்டையரான மனுஷன் மீட்டிங்ல உக்காந்தா ஊருக்குச் சந்தேகம் வராதா?"

நியாயம்தான். "நான் ரிட்டையராகி ஆறு வருஷம் ஆச்சு தம்பி," என்றான் பூபாலன்.

"அப்படியே ஆகட்டும்," என்று மேனேஜர் அவனை வேலையை விட்டுத் தூக்கினார்.

"பாத்தியா, அவரே நம்பிட்டார்!"

அப்போதுதான் சுகிர்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, நாம சாரும் மேடமும்னா, வீட்டைப் பாத்துக்க வந்தாங்களே அந்த ரெண்டு பேர் எங்க?"

அறை அறையாகத் தேடினார்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். ஆளைக் காணோம்.

"நம்பி ஒப்படைச்சோமே, சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டாங்க!"

"பெங்களூர்ல மக வேற காத்துக்கிட்டிருப்பா," என்று பிள்ளையில்லாத சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உடனே ஆப்பில், காவலுக்கு ஆள் தேவை என்று போட்டார்கள். பெட்டியைக் கட்டி, ஆட்டோவை நிறுத்தி வைத்து, கேட்டிலேயே காத்திருந்தார்கள். ஒரு கார் வந்தது. பெங்களூரிலிருந்து திரும்பிய எட்வினும் மெர்லினும் பெட்டியோடு இறங்கினார்கள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா!" சுகிர்தா மெர்லின் கையில் சாவியைத் திணித்தாள். "செடிக்குத் தினமும் தண்ணி ஊத்துங்க. நாங்க இருக்கிற மாதிரியே இருக்கணும், என்ன?"

எட்வின் குல்லாயைப் பார்த்தார், நைட்டியைப் பார்த்தார், மனைவி பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்னாலதான்! நீதானே இதுகளைப் பிடிச்சே?"

"உங்களைக் கட்டினதுதான் தப்பு!"

ஆட்டோ கிளம்பியது. சுகிர்தா தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"முன்னாடி இருந்ததுங்க மாதிரி இல்லீங்க. வந்து நிக்கலை, அதுக்குள்ள அச்சு அசல் நாமளேதான்!"

"அஞ்சு ஸ்டார் போட்டுடவா?"

"போடுங்க, போடுங்க. பாவம், இல்லைன்னா அவங்க ஆவடிக்குப் போகணும்."