தமயந்தி கோட்டைவிட்ட மினுக்கு

ஒரு மலையூர்ல நட்சத்திரம் பாக்குறவ ஒருத்தி இருந்தா. பேரு தமயந்தி. மலை உச்சியில பெரிய தொலைநோக்கி, அதுக்குப் பக்கத்துல இவ. ராத்திரி பூரா கண்ணசர மாட்டா, அதுல அவளுக்கு ரொம்பப் பெருமை. காலை ஆட்டாதடா, போர்வை விலகுது. ம் கொட்டு.

"ம்."

ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்க இன்னொரு நட்சத்திரம் மெதுவா வந்துச்சாம். அப்போ முன்னாடி இருக்கறது தன் ஈர்ப்பால பின்னாடி இருக்கறதோட வெளிச்சத்தை வளைச்சுக் குவிக்கும். தாத்தாவோட பூதக்கண்ணாடி எழுத்தைப் பெருசாக் காட்டுதே, அப்படி. பின்னாடி இருக்கறது பளபளன்னு ஏறும். முன்னாடி இருக்கறதுக்கு ஒரு குட்டிக் கிரகம் இருந்தா, நடுவுல தனியா இன்னொரு பளிச்! கிரகம் கண்ணுக்கே தெரியாது, அந்த மினுக்குதான் அடையாளம். கனமான கிரகம்னா மினுக்கு ரொம்ப நேரம் நிக்கும், லேசுன்னா சட்டுனு போயிடும். அதை வெச்சுத்தான் எடை போடணும். போனா போனதுதான், திரும்ப வராது.

"அப்புறம்?"

அப்புறம் என்ன, நமக்கு விடியும்போது சிலி நாட்டுல இருட்டும். அங்க பவுலினான்னு ஒரு சிநேகிதி. இவ விட்ட இடத்துலேருந்து அவ தொடர்ந்து பாத்துக்குவா. அன்னிக்குன்னு பாத்து தமயந்தி சால்வையைப் போத்திக்கிட்டு மேசையில தலையை வெச்சா. கொர்ர்ர்... கொர்ர்ர்... தொலைநோக்கி பாட்டுக்கு நட்சத்திரத்தை விட்டு விலகிப் போயிடுச்சு. கா கான்னு காக்கா கத்தும்போது பதறி எழுந்தா. ஐயய்யோ! தூங்கிட்டேன்னு சொல்ல வெக்கம். அதனால, கோலத்துக்குப் புள்ளி வெக்கற மாதிரி, பாக்காத நேரத்துக்கெல்லாம் வெளிச்சம் ஏறவே இல்லைன்னு அளவைத் தன் இஷ்டத்துக்கு வரிசையா வெச்சு அனுப்பிட்டா. பாவி!

அங்க பவுலினா கண்ணு வெச்சதும் நட்சத்திரம் பளிச்சுன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல இறங்கிடுச்சு. இது கிரகத்தோட மினுக்குதான்னு எல்லாருக்கும் சொல்லிட்டு, அவ தமயந்தியைக் கேட்டா:

"தமயந்தி, நீ பாக்கும்போது ஏறலையா?"

"ஏறலையே."

மறுநாளும் கேட்டா. "ஒரு துளிகூடவா?"

"அதான் அனுப்பியிருக்கேனே!" சொல்லும்போதே தமயந்திக்குக் காது சுட்டுச்சு. சோறு இறங்கல. கண்ணாடியில தன் மூஞ்சியப் பாக்கவே கூசுச்சு. இதுக்குள்ள, இவங்க அனுப்பற அளவை வாங்கிக் கணக்குப் போடற மத்தவங்கல்லாம், "கிரகமாவது ஒண்ணாவது, பவுலினா கருவிதான் கோளாறு"ன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. தூங்கிட்டியாடா?

"இல்ல... ம்."

மூணாவது நாள், எல்லாரும் கம்ப்யூட்டர் திரையில கூடியிருக்கும்போது பவுலினா சொன்னா, "தப்பு என்மேலதான். கிரகம்னு சொன்னதை விட்டுடறேன். தமயந்தி, உன் வேலையைப் போய்ச் சந்தேகப்பட்டேன், மன்னிச்சுக்கோ."

அவ்ளோதான். தமயந்திக்கு உடம்பெல்லாம் கூனிக் குறுகிப்போச்சு. அழுதுகிட்டே, "நான் தூங்கிட்டேன்! அந்த அளவெல்லாம் பொய்!"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. அப்புறம் பவுலினா மெதுவா, "தூங்கிட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்போமே"ன்னா. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பா.

பொய்யை எடுத்ததும் கிரகம் இருக்குன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பவுலினா பேரும் பிழைச்சுது.

"அப்போ அந்தக் கிரகம் எவ்ளோ கனம்?"

யாருக்குடா தெரியும்? மினுக்கு எப்ப ஆரம்பிச்சுதுன்னு பாக்க வேண்டியவ அவதானே. இன்னிக்கும் எடை என்னன்னு யாராவது கேட்டா, தமயந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நான் தூங்கிட்டேங்க"ன்னுதான் சொல்றா. யாரும் கேக்காட்டியும் சொல்றா.

சரி, கதை ஆச்சு. நீ கண்ணை மூடு ராசா. நீ தூங்கினா யாருக்கும் ஒண்ணும் போகாது.