ஐந்து ஆமைகள் கேட்ட நடை

தாமரைக் குளத்துக் கரையில் ஒரு மான் நின்றது. அன்று அதன் வழக்கு நாள்.

குளத்துக்குப் போகும் பாதையில் காட்டுப்பன்றி கிழங்கு தோண்டியது. குழியை மூடாமலே போய்விட்டது. சருகு விழுந்து குழி மறைந்தது. அதில் விழுந்த மானுக்கு முன்னங்கால் ஒடிந்தது. எலும்பும் கோணலாகக் கூடிவிட்டது. இனி மலையேறி மேய முடியாது. கோடையிலும் புல் காயாத இடம் பன்றியின் ஈரக்கரை ஒன்றுதான். மழை வரும்வரை அங்கே மேய விடவேண்டும் என்று மான் கேட்டது. இல்லாவிட்டால் பட்டினிதான்.

தீர்ப்புச் சொல்ல ஐந்து ஆமைகள் கரைப் பாறைமேல் உட்கார்ந்தன. உட்கார்ந்ததும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டன. அழகும் கண்ணீரும் மனத்தை மயக்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் வழக்கம். மனம் ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் தலை வெளியே வரும்.

பன்றிக்காக நரி பேசியது. "பெரியவர்களே, இந்த அம்மாவை நேற்றுகூடப் பார்த்தேன். ஒய்யாரமாக நடந்து போனார்கள். இன்றைக்குக் கரையைக் கேட்கிறார்கள். நாளைக்குக் குளத்தையே கேட்பார்கள்."

ஓர் ஓட்டுக்குள்ளிருந்து களுக்கென்று சிரிப்பு வந்தது.

மான் தனக்காகப் பேச வந்த நாரையிடம், "கதறி அழட்டுமா, அண்ணே?" என்று கேட்டது.

"அழுகையை அவர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். நடந்து காட்டு, தங்கச்சி. தனியாக இருக்கும்போது நடப்பாயே, அந்த நடை."

மான் திடுக்கிட்டது. நொண்டும் மானைத்தான் சிறுத்தை முதலில் குறிவைக்கும். அதனால் பிறர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகவே நடந்து பழகியிருந்தது. நரிக்கும் அதுவே வாய்ப்பாகிவிட்டது.

"எல்லோரும் பார்ப்பார்களே, அண்ணே."

"பார்க்கட்டும். நீயே மறைத்தால் வேறு யார் சொல்லுவார்கள்?"

மான் பாறைமேல் ஏறி நடந்தது. டக், டக், டக்... சர்ர். டக், டக், டக்... சர்ர். இழுபடும் குளம்பின் ஓசை பாறை வழியே ஐந்து ஓடுகளுக்குள்ளும் போனது.

நரி வாயைத் திறந்தது.

"நீர் கொஞ்சம் சும்மா இரும்" என்றது மூத்த ஆமையின் குரல். "இன்னொரு தடவை நடம்மா."

மான் நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து தலைகளும் வெளியே வந்தன.

"பன்றி குழியை மூடவேண்டும். மழை வரும்வரை ஈரக்கரை மானுக்கு" என்றது மூத்த ஆமை.

"இவ்வளவு வலி என்று எனக்குத் தெரியாது" என்று முனகிக்கொண்டே பன்றி குழியை மூடக் கிளம்பியது.

மான் ஆமைகளை வணங்கியது. நாரையிடம், "உங்களுக்கு என்ன கைம்மாறு செய்வேன், அண்ணே?" என்றது.

"நான் என்ன செய்தேன்? பேசக்கூட இல்லை. நீ நிம்மதியாக மேய். சிறுத்தை வந்தால் மரத்திலிருந்து குரல் கொடுக்கிறேன்."

மான் ஈரக்கரையில் முதல் வாய்ப் புல்லைக் கடித்தது. பிறகு யாருக்கும் மறைக்காமல் நொண்டியபடியே அடுத்த புல்லுக்கு நகர்ந்தது.

பட்ட துன்பத்தைப் பெரிதாக்காமலும் ஒளிக்காமலும் உள்ளபடி காட்டினால், நியாயமுள்ள மனம் அதைக் கேட்கும்.