முரசும் கொம்பும் ஒரு குவியல் உப்பும்

சின்னவர்களே, பெரியவர்களே, காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். வெகு காலத்துக்கு முன், மேற்கே மலையும் கிழக்கே கடலுமாக ஒரு நாடு இருந்தது. நடுவில் வரிசையாகக் குன்றுகள். நாட்டை ஆண்டவன் இளங்கொற்றன். நல்ல அரசன்தான், தன் பிறந்தநாள் என்றால் மட்டும் கொஞ்சம் சின்னப் பிள்ளை.

கடலோரத்தில் உப்பளம். அங்கே சேந்தி என்று ஒருத்தி, புருஷனை இழந்தவள், ஒற்றை ஆளாகப் பாத்தி கட்டி உப்பு வாரினாள்.

வாரிய உப்பு காய வேண்டும். மூடி வைத்தால் காயாது. திறந்து வைத்தால் கோடை மழை வந்து கரைத்துவிடும். மழையோ எப்போதும் மலையிலிருந்துதான் இறங்கும். அதனால் மலையில் முதல் துளி விழுந்ததும் ஒரு முரசு முழங்கும். அதைக் கேட்டு அடுத்த குன்றின் முரசு, அதைக் கேட்டு அடுத்தது என்று செய்தி மழையை முந்திக்கொண்டு ஓடிவரும். உப்பளத்தார் ஓலைக் கீற்றை எடுத்துக் குவியலை மூடிவிடுவார்கள்.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அடுத்தடுத்து மூன்று பருவம் அரசுக் களஞ்சியத்துக்கு உப்புக் கொடுக்காதவர் பாத்தியை விட்டுவிட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பருவம். செய்தி முரசுகள் எல்லாம் உப்பளத்தாரிடம் கூலி வாங்கும் அந்துவன் என்ற ஒரே வணிகனுக்குச் சொந்தம். வேறு ஆள் கிடையாது. கிடையாது என்று அவனுக்கும் தெரியும், அவனுடைய முரசுக்காரர்களுக்கும் தெரியும். நடுக் குன்றுக்காரன் கூழைக் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தான். மழை வந்து, பெய்து, ஓய்ந்து, வானவில்லும் வந்தபின் முரசு கேட்டது: மழை வருகிறது! மழை வருகிறது!

சேந்தியின் உப்பு கரைந்து கடலுக்கே திரும்பிப் போயிற்று.

"ஐயா, இது நியாயமா?" என்று அவள் அந்துவனிடம் போய்க் கேட்டாள்.

"மழை வந்ததா இல்லையா? வந்தது. முரசு சொன்னதா இல்லையா? சொன்னது. பிறகென்ன குறை தாயே?" என்றான் அந்துவன். "பிடிக்கவில்லையென்றால் வேறு முரசு பார்த்துக்கொள்ளேன்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு முரசு எங்கே இருக்கிறது?

இது அரசன் காதுக்குப் போனது. "யார் வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம்" என்று அறிவித்தான்.

வந்தாள் வெண்ணி. கொம்பு வணிகம் செய்பவள். குன்றுக்குக் குன்று கொம்பு ஊதும் ஆட்களை ஏற்றினாள். முதல் மாதம் கூலி வேண்டாம் என்றாள். சேருகிறவர்களுக்குப் பனைவிசிறி ஒன்று சும்மா தருகிறேன் என்றாள். அந்துவன் விடுவானா? அவன் இரண்டு விசிறி கொடுத்தான். உப்பளத்தில் அந்த வருஷம் காற்றுக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டாம் பருவம். மலையில் முதல் துளி விழுந்தது. முரசு முழங்கியது. முரசுக்குப் பெயர் கிடைத்துவிடக் கூடாதே என்று அதே குன்றில் கொம்பு அலறியது. கொம்பை அமுக்க முரசு இன்னும் ஓங்கியது. குன்றுக்குக் குன்று ஒரே ரகளை. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏதோ கல்யாணம் போலிருக்கிறதே!"

"கல்யாணம் இல்லையடி, கோயில் கொடை விழா!"

பாதிப் பேர் நல்ல துணி உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார்கள். அவர்களையும் நனைத்தது மழை, சேந்தியின் உப்பையும் கரைத்தது.

சேந்தி இப்போது யாரிடமும் நியாயம் கேட்கப் போகவில்லை. வெறும் பாத்தியின் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு பருவம்.

அரசன் சபையைக் கூட்டினான். "ஒருவரைத் துரத்திவிடுங்கள்" என்றார் படைத்தலைவர். "இருவரையும் துரத்திவிட்டு நாமே முழக்குவோம்" என்றார் அமைச்சர். "இருவருமே இருக்கட்டும். நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டும்" என்றான் அரசன்.

அப்படி வந்தவர்தான் நக்கண்ணர். தோணிப் போட்டியில் நடுவர். ஒருமுறை சொந்த மைத்துனனின் தோணியே கோடு தாண்டியது என்று தள்ளிவைத்தவர். அன்றிலிருந்து மாமியார் அவருக்கு ஊற்றும் குழம்பில் உப்புப் போடுவதில்லை.

நக்கண்ணர் குன்றெல்லாம் ஏறி இறங்கிவிட்டு மூன்று விதி சொன்னார். குன்றின் உச்சி பொது. ஒன்று ஒலிக்கும்போது மற்றது பொறுக்க வேண்டும். ஒருவர் செய்தி நின்றுபோனால் மற்றவர் வாங்கிக் கடத்த வேண்டும்.

அந்துவனும் வெண்ணியும் அழகாகத் தலையாட்டினார்கள். மறுநாளே ரகளை.

"என் ஆள் பாவம், கொட்டாவி விட்டான். வாயில் கொம்பு இருந்தது, ஊதிவிட்டது" என்றாள் வெண்ணி.

"என் ஆள் கொசு அடித்தான். கொசு முரசின்மேல் இருந்தது" என்றான் அந்துவன்.

நக்கண்ணர் கோபப்படவில்லை. "உங்கள் இருவருக்கும் உப்பளத்தில் பாத்தி ஒதுக்கியிருக்கிறேன், சேந்தியின் பாத்திக்கு இரண்டு பக்கமும். ஆளுக்கு ஒரு குவியல் உப்பு வார வேண்டும். கீற்று என் காவலனிடம் இருக்கும். அந்துவா, கொம்பு சொன்னால்தான் உன் உப்பை மூடுவான். வெண்ணி, முரசு சொன்னால்தான் உன் உப்பை மூடுவான்" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த நாள் குன்றுகளில் இருந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! "நீங்கள் முதலில் ஊதுங்கள் அண்ணே." "இல்லை தம்பி, நீ முழக்கு, நான் பொறுக்கிறேன்." கொம்புக்காரன் பகிர்ந்து கொடுத்த சோற்றை முரசுக்காரன் தின்றான். முரசு ஒன்று கிழிந்தபோது தைக்கத் தோல் கொண்டுவந்தவள் வெண்ணி.

மூன்றாம் பருவம். சேந்தியின் குவியல் இடுப்பளவு வளர்ந்து வெயிலில் பளபளத்தது. நாளை களஞ்சியத்துக்கு அளக்க வேண்டும். பாத்தி தப்பிவிடும். இன்று ஒரு பகல் காய்ந்தால் போதும்.

அன்றுதான் அரசனின் பிறந்தநாள்.

கடலோரத்துக் கடைசிக் குன்று அரண்மனைக் குன்று. அங்கே அரசனின் பெருமுரசு விடிந்ததிலிருந்து முழங்கிக்கொண்டிருந்தது. நக்கண்ணரும் விருந்துக்கு வந்திருந்தார். தற்செயலாக மேற்கே பார்த்தார். மலையுச்சி கறுத்திருந்தது. அடுத்த குன்றில் முரசுக்காரன் கோலை ஓங்கியபடி நின்றான். பக்கத்தில் கொம்புக்காரன் கொம்பை வாயில் வைத்தபடி நின்றான். இருவரும் அடிக்கவில்லை, ஊதவில்லை. ஒன்று ஒலிக்கும்போது மற்றது பொறுக்க வேண்டும். அவர்கள் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்!

நக்கண்ணர் எழுந்து போய்ப் பெருமுரசின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். முழக்கம் தொப்பென்று செத்தது. விருந்து உறைந்தது.

"என் முரசை நிறுத்த நீ யார்?" என்று அரசன் எழுந்தான்.

"நீங்கள் வைத்த ஆள்தான், அரசே."

"அவர்களுக்குத்தானே உன்னை வைத்தேன்!"

"ஒலிக்கிற எல்லாவற்றுக்கும் என்று நினைத்துவிட்டேன். தவறென்றால் கையை வெட்டிவிடுங்கள். ஆனால் இன்னும் சற்றுநேரம் அது இங்கேயே இருக்கட்டும்."

பெருமுரசு ஓய்ந்த அமைதியில் அடுத்த குன்றின் முரசு கேட்டது. அது ஓய்ந்ததும் கொம்பு கேட்டது. அரசன் மேற்கே திரும்பினான். மேகம் அவன் கண்ணிலும் பட்டது. பிறகு தன் பெருமுரசைப் பார்த்தான்.

"கையை எடும், நக்கண்ணரே" என்றான் மெதுவாக. "செய்தி அடுத்து உப்பளத்துக்குப் போக வேண்டும். கோலை இங்கே கொடுக்கச் சொல்லும்."

அரசனே முழக்கினான்: மழை வருகிறது! மழை வருகிறது!

கீழே சேந்தி ஓடினாள். கீற்று விரிந்தது. அவள் கடைசிக் கயிற்றை முடிந்து நிமிர, முதல் துளி மூக்கில் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே முழுக்க நனைந்தாள். உப்பு நனையவில்லை.

அந்த வருஷத்திலிருந்து உப்பளத்தில் அரசனுக்கும் ஒரு குவியல் வைத்தார்கள். அதைத் திறப்பதும் மூடுவதும் முரசும் கொம்பும் சொல்வதைக் கேட்டுத்தான்.

நக்கண்ணர் வீடு திரும்பினார். மாமியார் இலை போட்டார், குழம்பு ஊற்றினார். "அரசன் முரசையே நிறுத்தினவர், நம் பையன் தோணியை நிறுத்தினதில் என்ன வஞ்சம்?" என்று முணுமுணுத்தபடி ஒரு சிட்டிகை உப்பு எடுத்துப் போட்டார். சந்தோஷத்தில் இன்னொரு சிட்டிகையும் போட்டுவிட்டார். நக்கண்ணர் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார்.

ஆகவே கேட்டவர்களே, பலர் போட்டியிட்டால் மட்டும் ஊருக்கு நன்மை வந்துவிடாது. எல்லாருக்கும் ஒரே விதி இருந்து, அந்த விதி அதை வைத்தவனையும் கட்டினால்தான் வரும்.