சும்மா இருப்பது யாரு?

முன்னொரு காலத்தில், மந்திரவாதிகளும் கூலிக்கு வேலை செய்த காலத்தில், கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் மலைக்கொழுந்து என்று ஓர் உப்பு வண்டிக்காரன். நல்லவன்தான். குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான், மாட்டை அடிக்க மாட்டான். வாய் மட்டும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். அவன் மனைவி பூங்காவனம். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. வண்டிக்காரன் பெயரை முதலில் சொன்னதால் இது அவன் கதை என்று நினைத்துவிடாதீர்கள். இது பூங்காவனத்தின் கதை.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். பூங்காவனம் அடுப்படியில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கை துடுப்பைச் சுற்றியது, கால் தொட்டிலை ஆட்டியது, வாய் கோழியை விரட்டியது. வாசலில் உப்பு வண்டி வந்து நின்றது. வழக்கமாக, "பூங்காவனம், தண்ணி கொண்டா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் வரும். அன்றைக்கு வரவில்லை. மலைக்கொழுந்து பேயறைந்த மாதிரி உள்ளே வந்து அடுப்படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"வண்டி கவுந்துடுச்சா?"

"இல்லை."

"மாட்டுக்கு ஏதாவது...?"

"இல்லை."

"பின்னே என்னங்க, திருடன் மாதிரி முழிக்கிறீங்க?"

"ஆத்து மணல்ல சக்கரம் புதைஞ்சு போச்சு புள்ள. அரை நாள் தள்ளினேன், இம்மி நகரலை. கரையில இருக்கிற மருத மரத்துல இருந்து ஒருத்தன் இறங்கி வந்தான். செம்பட்டைக் குடுமி, காதுல எலும்பு வளையம், இடுப்புல பச்சைக் கயிறு. பார்த்தாலே மந்திரவாதின்னு தெரியுது. 'தூக்கி விடறேன், கூலி என்ன தருவே?'ன்னான். 'என்ன வேணும்?'னேன். 'காசு வேண்டாம், உப்பு வேண்டாம். உன் வீட்டுல எது சும்மா இருக்கோ அதைக் குடு, போதும்'னான். கொல்லையில ஓட்டை அண்டா ஒண்ணு சும்மா கிடக்குதே, அதை நெனச்சு சரின்னு கையடிச்சுக் குடுத்துட்டேன்."

"அண்டாதானே? போனாப் போகுது. அதுக்கா இந்த மூஞ்சி?"

"அதோட விட்டானா அவன்? 'வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?'ன்னான். பொண்டாட்டி, புள்ளைன்னேன். 'பொண்டாட்டி என்ன பண்றா?'ன்னான்."

துடுப்பு நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊருல எல்லாரும் சொல்றதைத்தான் புள்ள..."

"அதான் என்ன?"

"அவ வீட்டுல சும்மாதான் இருக்கான்னு சொல்லிட்டேன்."

அடுப்பில் களி 'பொளக் பொளக்' என்று கொதித்தது. மந்திரவாதியைப் பற்றிய பயம் பூங்காவனத்துக்கு அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வருத்தம். எட்டு வருஷமாக இந்த வீட்டில் விடியுமுன் எழுந்து, எல்லாரும் படுத்த பிறகு படுத்து, கடைசியில் தனக்குக் கிடைத்த பெயர் இதுதானா?

"கை தட்டிச் சிரிச்சான்," என்றான் மலைக்கொழுந்து. "'அப்போ உன் பொண்டாட்டிதான் என் கூலி. நாளைக்கு விடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்'னான். நான் காலைப் பிடிச்சேன், அழுதேன், ரெண்டு மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போன்னேன். கேக்கலையே!"

பூங்காவனம் குழந்தையைப் பார்த்தாள். அது கட்டை விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது. இதை விட்டுவிட்டுப் போவதா? அப்போதும் களியைத் தீய விடவில்லை. இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கையடிச்சாச்சு. இனி பேச்சு மாற முடியாது. ஆனா அவன் கேட்டது சும்மா இருக்கிறதைத்தானே? வரட்டும், பேசிக்கலாம். நீங்க எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க."

மறுநாள் விடிந்தது. பூங்காவனம் வாசலில் சாணம் தெளித்துக்கொண்டிருக்கும்போதே எதிரே வந்து நின்றான் செம்பட்டைக் குடுமி.

"பெண்ணே, கிளம்பு!"

"வாங்க ஐயா. நின்னுக்கிட்டே பேசுறீங்களே, உள்ளே வந்து உட்காருங்க," என்றாள் பூங்காவனம். மந்திரவாதிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவனை யாரும் உட்காரச் சொன்னதே இல்லை. உள்ளே வந்து மணையில் உட்கார்ந்தான்.

"என்னை எதுக்கு ஐயா கூட்டிட்டுப் போறீங்க?"

"எதுக்கா? காட்டுக்குள்ளே எனக்கு மாளிகை இருக்கு. மந்திரம் போட்டா பொன் கொட்டும், மாளிகை எழும்பும். ஒரு வாய் சோறு வர மாட்டேங்குதே! ஒட்டடை போக மாட்டேங்குது, அழுக்குத் துணி வெளுக்க மாட்டேங்குது. அதுக்குத்தான் ஊர் ஊராப் போய் வீட்டுல சும்மா இருக்கிற பெண்களைப் பிடிச்சு வெச்சிருக்கேன். பதினோரு பேர். எந்த வீட்டுப் புருஷனைக் கேட்டாலும் உன் புருஷன் சொன்னதையேதான் சொன்னான். நீ பன்னிரண்டாவது."

"நல்லது. ஆனா உங்க பேச்சுப்படி, சும்மா இருக்கும்போதுதானே என்னைப் பிடிக்கணும்? இன்னைக்கு விளக்கு வைக்கிற வரைக்கும் பாருங்க. நான் சும்மா இருந்தா அந்த நிமிஷமே கட்டி இழுத்துட்டுப் போங்க. இல்லைன்னா வந்த வழியே போயிடணும்."

மந்திரவாதி வயிறு குலுங்கச் சிரித்தான். "ஒரு நாழிகை தாங்க மாட்டே!" என்று இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். வாலைப் பிடித்திருப்பவனைக் கயிறு தொடாது. அதனால் அதன் வாலைக் கையில் சுற்றிக்கொண்டு, தலையைத் தரையில் விட்டு ஆணையிட்டான்: "இந்த வீட்டில் சும்மா இருப்பதைப் பிடி!"

கயிறு சரசரவென்று ஊர்ந்தது. ஊர்ந்துகொண்டே பாடியது:

"சும்மா இருப்பது யாரு?
சுருட்டிக் கொள்வேன் பாரு!"

முதலில் கொல்லைக்குப் போனது. ஓட்டை அண்டாவுக்குள் தலையை விட்டது. உள்ளே வைக்கோல் பரப்பி, அடைக்கோழி ஒன்று ஒன்பது முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. நச்சென்று ஒரு கொத்து! கயிறு அலறி வெளியே வந்தது. அண்டா சும்மா இல்லை. பூங்காவனம் வீட்டில் ஓட்டை அண்டாவுக்குக்கூட வேலை உண்டு.

அடுத்து தொட்டிலுக்குப் போனது. "தூங்குது, இது சும்மாதான்!" என்றது.

"அது வளருது," என்றாள் பூங்காவனம். "வளர்றதுதான் அதோட வேலை." கயிறு குழந்தையை முகர்ந்து பார்த்தது. ஆமாம், ஒரு நூல் அளவு வளர்ந்திருந்தது. பின்வாங்கியது.

மூன்றாவதாக மலைக்கொழுந்தின் பக்கம் திரும்பியது. அவன் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு காலைத் தொட்டதும், "ஐயோ!" என்று துள்ளி விளக்குமாற்றை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தான். வாசல் குப்பையையெல்லாம் வீட்டுக்குள் பெருக்கினான். என்ன செய்வது, முதல் நாள்தானே. ஆனாலும் வேலை வேலைதான். கயிறு விட்டுவிட்டது.

பூங்காவனம் தண்ணீர் தூக்கினாள், மாவு இடித்தாள், துணி துவைத்தாள், மாட்டுக்குத் தீவனம் வைத்தாள். கயிறு பின்னாலேயே ஊர்ந்தது. ஒரு தடவை அவள் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்து நின்றாள். பாய்ந்தது கயிறு!

"மேகம் கூடுது, வடகம் காயுது. மழை வருமான்னு பார்க்கிறேன், போ!" என்றாள்.

இன்னொரு தடவை கண்ணை மூடி உட்கார்ந்தாள். மறுபடி பாய்ந்தது.

"அவரு எட்டு நாள் வண்டி ஓட்டப் போனா, இருக்கிற அரிசி எனக்கும் தாங்கணும், கட்டுச்சோத்துக்கும் ஆகணும். நடுவுல நாத்தனாருக்கு வளைகாப்பு வருது. எதைக் குறைச்சு எதுல சேர்க்கிறதுன்னு யோசிக்கிறேன். உன்னால முடியுமா, யோசிச்சுச் சொல்லு பார்ப்போம்!"

கயிறு சற்று யோசித்தது. உடம்பில் முடிச்சு விழுந்துவிட்டது. அதை அவிழ்க்கவே அதற்கு ஒரு நாழிகை ஆனது.

உச்சி வெயில் வந்தது. பூங்காவனத்துக்குக் கை கால் ஓய்ந்துவிட்டது. மனுஷிதானே அவளும். தூணில் சாய்ந்தாள். கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. மழை, அரிசி, வளைகாப்பு ஒன்றும் நினைவில் இல்லை. உண்மையாகவே, எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் சும்மா இருந்தாள்.

"சும்மா இருப்பது யாரு?
சுருட்டிக் கொள்வேன் பாரு!"

கயிறு அவள் கால் கட்டை விரலைச் சுற்றியது. கணுக்காலைச் சுற்றியது. மந்திரவாதி எழுந்து நின்றான். பூங்காவனத்துக்கு விரலை அசைக்கக்கூடத் தெம்பில்லை. குழந்தையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

அப்போது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

"பூங்காவனம்! உப்பு எந்தப் பானையில இருக்கு?"

ஊர் ஊராக உப்பு விற்கிறவன். சொந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை! பொண்டாட்டி களைத்துவிட்டாளே, நாமே சோறாக்கிப் போடலாம் என்று மனுஷன் அடுப்படியில் புகுந்திருந்தான்.

யோசிக்காமல் அவள் வாய் திறந்தது: "மேல் உறியில, புளிச்சட்டிக்குப் பின்னால, மூடி போட்ட கலயத்துல!"

கயிறு சடக்கென்று கழன்று விழுந்தது. வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று ஒருத்தி மனசில் வைத்துக்கொண்டிருப்பது சும்மா இருப்பதில் சேராதே!

"பூங்காவனம்! பருப்பு எது, பயறு எது?"

"மஞ்சளா இருக்கிறது பருப்பு!"

"பூங்காவனம்! இது கொதிச்சுடுச்சான்னு எப்படித் தெரியும்?"

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு தெம்பும் வந்தது, ஒரு யோசனையும் வந்தது. மந்திரவாதி விடியலிலிருந்து பட்டினி. அடுப்படி வாசனைக்கு அவன் மூக்கு ஆடுவதை அவள் அப்போதே பார்த்து வைத்திருந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்கு வந்தவங்க பசியோட இருக்கக் கூடாது. இலை போடட்டுமா?"

"போடு, போடு!" என்றான் மந்திரவாதி, அவ்வளவு அவசரமாக.

இலை போட்டாள். சுடச்சுடச் சோறு, பருப்புக் குழம்பு, வடகம், கெட்டி மோர். வலது கையில் சுற்றியிருந்த கயிற்றை மந்திரவாதி இடது கைக்கு மாற்றிக்கொண்டு சாப்பிட்டான். மலைக்கொழுந்து வைத்த குழம்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல்தான். அதனால் மோர் கேட்டான். ஒரு செம்பு, ரெண்டு செம்பு, மூணு செம்பு! மூன்றாவது செம்பை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டியிருந்தது. கயிற்றின் வாலைத் தரையில் வைத்தான். குடித்தான். ஏப்பம் விட்டான். "ஒரு கண் அசந்துட்டு வரேன்," என்று அப்படியே பாயில் சாய்ந்தான். குறட்டை!

பூங்காவனம் புருஷனைப் பார்த்தாள். கண் சாடை காட்டினாள். அவள் துணி மடிக்க ஆரம்பித்தாள். அவன் எச்சில் இலையை எடுத்துப் போட்டுவிட்டுச் சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் தேய்த்தான். கோழி அடைகாத்தது. குழந்தை வளர்ந்தது.

கயிறு வீட்டைச் சுற்றி வந்தது. கொல்லையில் யாரும் சும்மா இல்லை. தொட்டிலில் யாரும் சும்மா இல்லை. அடுப்படியில் யாரும் சும்மா இல்லை. கூடத்துக்கு வந்தது. பாயில் ஒருத்தன் தொப்பையைக் காட்டிக்கொண்டு கிடந்தான்.

"சும்மா இருப்பது யாரு?
சுருட்டிக் கொள்வேன் பாரு!"

காலிலிருந்து குடுமி வரை ஒரே சுற்று! மந்திரவாதி விழித்துக் கத்தினான். "அட மூடக் கயிறே! நான் உன் எஜமான்!"

"இந்த வீட்டில் சும்மா இருப்பதைப் பிடின்னு சொன்னது நீங்கதானே?" என்றது கயிறு.

"நான் சும்மா இல்லை! காவல் இருந்தேன்!"

"காவலா ஐயா? குறட்டை அடுத்த தெரு வரைக்கும் கேட்டுச்சே," என்றாள் பூங்காவனம், துணியை மடித்துக்கொண்டே.

கயிறு அதற்குமேல் ஒரு பேச்சும் கேட்கவில்லை. மந்திரவாதியை வாசல் வழியாக, தெரு வழியாக, ஆற்று மணல் வழியாக, காட்டு மாளிகைக்கே தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. பிடிபட்டவர்கள் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம்தானே? அவனே பெருக்குகிறான், அவனே துடைக்கிறான், அவனே சோறாக்குகிறான். உட்கார்ந்தால் கயிறு பாட ஆரம்பித்துவிடும்.

அவன் கட்டுப்பட்ட நேரத்தில் அங்கிருந்த பதினோரு பெண்களின் மந்திரக் கட்டும் அறுந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவர்கள் ஆற்றங்கரைப் பாதையில் கூட்டமாக ஓடி வந்தார்கள். பூங்காவனம் வாசலில் நின்று ஆளுக்கொரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். ஒருத்தி மட்டும் வாங்கவில்லை. "அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன் அக்கா, ஏழு வருஷமாச்சு!" என்று அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே ஓடினாள். பூங்காவனமும் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அத்தனையும் நிம்மதி. கொல்லையில் ஓட்டை அண்டாவுக்குள் 'கீச் கீச்' என்று ஒன்பது குஞ்சும் பொரிந்திருந்தன.

பத்து நாள் கழித்து மலைக்கொழுந்து உப்பு வண்டியோடு சுங்கச்சாவடியில் நின்றான். காவல்காரன் பேச்சுக்குக் கேட்டான், "வீட்டுல அண்ணி என்ன பண்றாங்க?"

"சும்..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு விடியற்காலையில் சாணம் தெளிப்பதில் ஆரம்பித்துச் சொன்னான். சொன்னான், சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். பின்னால் முப்பது வண்டி நின்றுவிட்டது. அவன் மத்தியானச் சமையலுக்கு வருவதற்குள், "போதும் அண்ணே, சுங்கமே வேண்டாம், வண்டியை எடுங்க!" என்று காவல்காரன் கும்பிட்டான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் தண்ணீர் கேட்கவில்லை. தானே மொண்டு குடித்தான். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சினான். உப்பு எங்கே என்று கேட்கவில்லை. மேல் உறியில், புளிச்சட்டிக்குப் பின்னால், மூடி போட்ட கலயத்தில்.

அடுப்படியிலிருந்தே கேட்டான், "பூங்காவனம், என்ன புள்ள பண்றே, சத்தத்தையே காணோம்?"

கொல்லை வேப்ப மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பூங்காவனம் சொன்னாள், "சும்மா இருக்கேன்."

மலைக்கொழுந்துக்குக் கரண்டி கை நழுவியது. ஓடி வந்து மூலை மூலையாகப் பார்த்தான். கயிறு இல்லை, குடுமி இல்லை, ஒன்றுமில்லை. மடியில் ஒரு கோழிக்குஞ்சு, முகத்தில் காற்று, அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். அவன் பெருமூச்சு விட்டு, கஞ்சி பொங்குகிறதே என்று உள்ளே ஓடினான்.

அவளை யாரும் கூப்பிடாதீர்கள். அவளோடு சேர்ந்து கதையும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்.