பூரான் மறித்த வாசல்

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். தூர இருந்தால் பூரானின் கோபம் காதில் விழாது.

அந்தக் காலத்தில், கணினிக்குள் இருந்த கோப்புகளெல்லாம் வாய் திறந்து பேசின. பாட்டும் படமும் ஒரே வட்டில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தன. இடம் பிரித்துக் கொடுப்பவர் இயங்குதளத்தார். அளவு சொல்பவள் முப்பத்திரண்டு கால் பூரான் செங்கமலம். கோப்பின் பருமனுக்கு ஏற்றபடி சில காலைத் தூக்குவாள், சில காலை மடக்குவாள். இயங்குதளத்தார் கோப்பின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்; அவள் காலைப் பார்த்துத்தான் மனை கொடுப்பார். எல்லாக் காலும் மடங்கியிருந்தால் காலி மனை என்று அர்த்தம்.

அங்கே ஒரு கல்யாண வீடியோ குடிவந்தது. தாலி கட்டி முடிந்தும் அடங்கவில்லை. பந்தி, நலங்கு, மறுவீடு என்று ஊதிக்கொண்டே போனது. பக்கத்தில் ஒரு குழந்தையின் முதல் சிரிப்பு, சின்னஞ்சிறு ஒலிக்கோப்பு, சுவரோரம் ஒண்டிக் கிடந்தது.

"அக்கா, மூச்சு முட்டுது" என்றது சிரிப்பு.

செங்கமலம் வீடியோவின் பக்கம் திரும்பிச் சீறினாள். "ஏய் கல்யாணம்! எல்லாக் காலையும் தூக்கிட்டேன். இதுக்கு மேல எண்ண எங்கிட்ட கால் இல்ல. நில்லு!"

"கால் இல்லேன்னா மீசையால எண்ணு. சித்தப்பா இன்னும் சாப்பிடவே இல்ல" என்று இளித்த வீடியோ, இன்னும் ஒரு பருக்கை அளவு ஊதிக்கொண்டது.

அவ்வளவுதான். மேலே எண்ண வழியில்லாமல், எல்லா ஒன்பதும் தாண்டிய மீட்டர் சுழியத்துக்குத் திரும்புவதுபோல, தூக்கிய கால்கள் அத்தனையும் சடசடவென்று மடங்கிவிட்டன.

இயங்குதளத்தார் எட்டிப் பார்த்தார். "அட, காலி மனை!" என்று சிரிப்பைத் தூக்கி வீடியோ கிடந்த இடத்திலேயே குடிவைத்தார். வீடியோ ஒருமுறை புரண்டது. சிரிப்பு நொறுங்கிப்போனது.

"நான் என்ன பண்ண? உன் காலைப் பார்த்துத்தானே வச்சேன்?" என்றார் அவர்.

"கண்ணு எதுக்கையா இருக்கு? ஒருதரம் குனிஞ்சு பார்த்தா இடுப்பு ஒடிஞ்சிருமா? பச்சப்புள்ளையக் கொன்னுட்டு என் கால் மேல பழி போடுறீரா!"

செங்கமலம் வாசற்படிக்குப் போனாள். குறுக்கே மல்லாந்து படுத்தாள். எல்லாக் காலையும் விறைப்பாகத் தூக்கிக்கொண்டாள். "என் காலுக்கு மேல ஒரு பருக்கை கொண்டு வந்தாலும் கடிப்பேன். எவனா இருந்தாலும் சரி!" முதல் கடி கல்யாண வீடியோவுக்குத்தான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், பென் டிரைவில் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும் நாலு ஜிபி அளவை மீறிய ஒரு கோப்பு உள்ளே ஏறமாட்டேன் என்பது. கால் கூடுதலான பூரான்கள் காக்கும் வட்டுகளும் இப்போது வந்துவிட்டன. அவர்களுக்கும் கடைசிக் கால் ஒன்று உண்டு. செங்கமலம் மட்டும் வாசலில் படுத்தவள் படுத்தவள்தான், தூக்கிய காலை இன்னும் மடக்கவில்லை.