கழுவி வைத்த பானை

இசக்கிமுத்து சமைக்க வர வேண்டும் என்பதற்காகக் கல்யாணத் தேதியையே தள்ளிவைக்கிற வீடுகள் தூத்துக்குடியில் உண்டு. முப்பத்து நான்கு வருஷம் அண்டா அண்டாவாகச் சோறு வடித்த மனிதர். ஒரு நாள், ஒரு அண்டா, அடிப்பிடித்தது கிடையாது. இதை வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அவரே சொல்வார். அவர் சொல்லாவிட்டாலும் ஊர் சொல்லும். இருந்தாலும் அவர் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர் தன் ஐம்பத்தொன்பதாவது வயதில், நாற்பது வயதுப் பெண் ஒருவரிடம் சிஷ்யனாகப் போய் நின்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் மெட்டில்டா. துறைமுகத்துக்கு எதிரே, கப்பல்காரர்கள் வந்து தங்கும் விடுதியின் சமையற்கட்டு அவர் பொறுப்பு. எந்த நாட்டுக்காரர் வந்து இறங்கினாலும், அவருடைய ஊர்ச் சாப்பாடு ஒன்றையாவது அவர் தட்டில் வைத்துவிட்டுத்தான் வழியனுப்புவார். எந்தச் சமையல் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டது. விடுதியில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். இசக்கிமுத்துவும் அப்படியே கூப்பிட்டார். முதல் இரண்டு நாள் அந்தச் சொல் தொண்டையில் கொஞ்சம் சிக்கியது, பிறகு பழகிவிட்டது.

போனதற்குக் காரணம் அவருடைய மருமகள் நோரோ. மகன் பொன்துரை கப்பலில் இன்ஜினியர். மடகாஸ்கரில் அவளைக் கட்டிக்கொண்டு, ஊருக்குக் கூட்டிவந்து விட்டுவிட்டு, மறுபடி கப்பலேறிவிட்டான். நோரோவுக்குத் தமிழ் அரைகுறைதான். இப்போது நான்கு மாதக் கர்ப்பம். ஏற வேண்டிய எடை இறங்கிக்கொண்டே வருகிறது. இசக்கிமுத்து தனக்குத் தெரிந்த அத்தனை வித்தையையும் காட்டிப் பார்த்தார். அவள் இரண்டு வாய் சாப்பிடுவாள். தண்ணீர் டம்ளரைக் கையில் எடுப்பாள், உள்ளே பார்ப்பாள், குடிக்காமல் கீழே வைத்துவிடுவாள். தண்ணீர்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கேன் தண்ணீர்கூட வாங்கி வைத்தார். அதையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

பொன்துரை போனில் சொல்லிவிட்டான். "இந்த மாசக் கடைசிக்குள்ள அவ தேறலைன்னா, அவங்க அம்மா வீட்டுக்கே அனுப்பிருவோம்பா."

ஆயிரம் இலைகளை வழித்துச் சாப்பிட வைத்த கைக்கு ஒரு பெண்ணைச் சாப்பிட வைக்க முடியவில்லை. அந்த அவமானத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பெண்ணின் கன்னம் நாளுக்கு நாள் ஒட்டிப்போவதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

"அவ ஊர்ச் சாப்பாட்டை எனக்குச் சொல்லிக்குடுங்க, மாஸ்டர்" என்றார்.

"முதல்ல வேற ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுங்க, அண்ணாச்சி" என்றார் மாஸ்டர்.

பச்சரிசியைக் குழைய வேகவிட்டு, கோகோ தூளும் சர்க்கரையும் போட்டுக் கிளறி, மேலே பாலை ஊற்றிக் கிண்ணத்தில் கொடுத்தார். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் மொறுமொறுவென்று பொரித்த நெத்திலிக் கருவாடு.

"கஞ்சியில சாக்லேட்டா?"

"ஆமா."

"சரி. இந்தக் கருவாடு யாருக்கு?"

"கஞ்சிக்கு."

"எந்தக் கிறுக்கன் கண்டுபிடிச்சது இதை?"

"பிலிப்பைன்ஸ்ல வீட்டுல செய்யுத காலைச் சாப்பாடு. மழை பேஞ்சா பிள்ளைங்க இதைத்தான் கேக்குமாம்."

இசக்கிமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் கஞ்சியும் ஒரு கடி கருவாடுமாகச் சாப்பிட்டார். இனிப்பு வந்தது, பின்னாலேயே உப்பு வந்தது. உப்பு போனதும் நாக்கு மறுபடி இனிப்பைத் தேடியது. கிண்ணம் காலியானது. கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

"கிறுக்கனுக்கா?" என்று கேட்டுக்கொண்டே மாஸ்டர் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார்.

மறுநாள் ஜார்ஜியா நாட்டு லோபியோ. ராஜ்மாவை வேகவைத்துப் பாதி மசித்து, வதக்கிய வெங்காயம், அரைத்த வால்நட், கொஞ்சம் வெந்தயம், கை நிறைய மல்லித்தழை. இவ்வளவுதான். வாசம் வந்ததும் இசக்கிமுத்துவுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"கடுகும் கருவேப்பிலையும் தாளிச்சா எங்கயோ போயிரும், மாஸ்டர்."

"அவங்க ஊர்ல கருவேப்பிலை கிடையாது, அண்ணாச்சி."

"நம்ம ஊர்ல இருக்குல்லா."

"இருக்கு. நம்ம ஊர்ச் சாப்பாட்டுல போடுதோம்லா."

தாளிக்காமலே சாப்பிட்டார். ராஜ்மாவுக்குள் வால்நட் கரைந்து நெய் மாதிரி நாக்கில் நின்றது. வீட்டுக்குப் போய் அதையே செய்து மனைவி பேச்சியம்மாளுக்குக் கொடுத்தார். அவளும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"இத்தனை வருஷம் சமையல் தெரியும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், பேச்சி" என்றார். "உலகத்துல எத்தனை வீட்டு அடுப்பை நான் எட்டிக்கூடப் பாக்கலை."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததைக் கேட்டு, உடம்புக்கு ஏதும் இல்லையே என்று பேச்சியம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள்தான் மாஸ்டர் மடகாஸ்கருக்கு வந்தார். அங்கே வீட்டுக்கு வீடு செய்யும் ருமசாவா. கறி, இஞ்சி, தக்காளி, இரண்டு மூன்று வகைக் கீரை, நிறையச் சாறு. மிளகாய் இல்லை, மசாலா இல்லை. இசக்கிமுத்து ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளுக்காக மனசுக்குள் அழுதார், ஆனாலும் வீட்டுக்குப் போய்ச் சொன்னபடியே செய்தார்.

நோரோ குனிந்து ஆவியை மோந்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். கீரையும் கறியும் தீர்ந்தன. டம்ளரை எடுத்தாள், உள்ளே பார்த்தாள், வைத்தாள். சோறு பாதி அப்படியே கிடந்தது.

"நன்றி, மாமா" என்று எழுந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் விடுதி திறக்கும் முன்னாலேயே இசக்கிமுத்து வாசலில் நின்றார்.

"பக்குவம் தப்பலை, மாஸ்டர். கீரை வெந்ததைப் பாத்து அவளே தலையாட்டினா. அப்புறமும் பாதிச் சோறு மிச்சம். எதுல குறைன்னு எனக்குப் பிடிபடலை."

மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பொண்ணு உங்க வீட்டுல என்னைக்காவது சமைச்சிருக்கா?"

"ஒரே ஒரு தடவை. வந்த புதுசுல. பாவம், அதுக்குச் சோறு பொங்கத் தெரியாது."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"அடிப்பிடிக்க விட்டுட்டா, மாஸ்டர். வாசல்ல வரும்போதே காந்தல் வாடை. உள்ள போய்ப் பாக்கேன், சோத்தை வேற பாத்திரத்துல எடுத்துட்டு, காந்தலோட பானையைத் திரும்பவும் அடுப்புல வச்சு, தண்ணியை ஊத்திட்டு நிக்கா. தேய்க்கத் தெரியாம பானையைக் கொதிக்க வைக்கான்னு நெனச்சேன்."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை. சிரிச்சுக்கிட்டேதான் பானையை வாங்கினேன். தண்ணியைக் கொட்டினேன். வெண்கலப் பானைல்லா, நானே உக்காந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சேன். அவ முன்னாலயே அதுல வேற சோறு வடிச்சுக் காட்டினேன். ஒரு பருக்கை ஒட்டலை."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லலை. அதுக்கப்புறம் அடுக்களைப் பக்கமே வரலை. கூச்சமா இருந்திருக்கும்."

மாஸ்டர் அவரை உள்ளே கூட்டிப்போனார். ஒரு பானையை எடுத்து, அரிசியைக் களைந்து போட்டு, அளவாகத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். இசக்கிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

தண்ணீர் வற்றியது. சோறு வெந்துவிட்டது என்பது அவருக்கு வாசத்திலேயே தெரிந்தது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், அடுப்பு."

"இருக்கட்டும்."

பானைக்குள் சடசடவென்று ஒரு சத்தம். பிறகு அந்த வாடை. அந்த வாடை வந்தால் எந்த மண்டபத்தில் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவந்த கால்கள் அவருடையவை. இப்போதும் தானாகவே எழுந்துவிட்டன.

"காந்துது, மாஸ்டர்."

"தெரியும்."

"அணைக்கட்டுமா?"

"உக்காருங்க, அண்ணாச்சி."

உட்கார்ந்தார். நெற்றி வேர்த்துவிட்டது. மாஸ்டர் நிதானமாகச் சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். அடியில் ஒட்டியதை மட்டும் விட்டுவைத்து, அது நன்றாகச் சிவக்கும்வரை மறுபடியும் தீயில் காட்டினார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். சுர்ரென்று ஆவி எழுந்தது. கொதித்ததும் வடிகட்டி ஒரு டம்ளரில் கொடுத்தார். தண்ணீர் தேன் நிறத்தில் இருந்தது.

இசக்கிமுத்து மருந்து குடிப்பது போல ஒரு மடக்கு குடித்தார். அடுத்த மடக்கை ருசித்துக் குடித்தார். வறுத்த அரிசியின் மணம், ஓரத்தில் லேசாக ஒரு கசப்பு. வயிற்றுக்குள் போனதும் இதமாக இருந்தது. ஒரு கைப்பிடி அரிசியும் தண்ணீரும் தீயும் சேர்ந்து இவ்வளவு செய்யும் என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

"அருமையா இருக்கு. என்ன இது?"

"ரனுவூலா. மடகாஸ்கர்ல சோத்தோட குடிக்கிற தண்ணி இதுதான். பானையில காந்தல் வேணும்னே விடுவாங்க. இது இல்லாம சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரியே இருக்காதுன்னு ஒரு கப்பல்காரர் சொன்னாரு. இங்கன நின்னு அவரே வச்சுக் காட்டினாரு."

இசக்கிமுத்து டம்ளருக்குள் பார்த்தார். நோரோ ஒவ்வொரு வேளையும் டம்ளருக்குள் பார்த்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பானையை வாங்கியதும் நினைவுக்கு வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பாள். அந்தச் சிரிப்புக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? 

"அப்போ அதுக்குச் சோறு பொங்கத் தெரியும்" என்றார்.

"தெரியும், அண்ணாச்சி."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சிட்டையையும் பேனாவையும் எடுத்தார். "சொல்லுங்க, மாஸ்டர். எத்தனை நிமிஷம் காந்தணும்? தீ எவ்வளவு? தண்ணி எத்தனை செம்பு? இன்னைக்கே வச்சுக் குடுத்துருதேன்."

மாஸ்டர் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடி, அவர் பையிலேயே திரும்பச் செருகினார்.

"வீட்டுலயே இது தெரிஞ்ச மாஸ்டர் இருக்கும்போது, எங்கிட்ட ஏன் கேக்கீங்க?"

இசக்கிமுத்து வீட்டுக்குப் போனார். பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கினார். அது அவர் தேய்த்தபடியே பளபளவென்று இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த நோரோவின் முன்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அதை நீட்டினார்.

"ரனுவூலா" என்றார். "எனக்குச் சொல்லிக்குடு, தாயி."

நோரோ பானையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. எழுந்து அடுக்களைக்குப் போனாள். இசக்கிமுத்து அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாடை கிளம்பியதும் பேச்சியம்மாள் கொல்லையிலிருந்து ஓடிவந்தாள்.

"ஏங்க, காந்துது."

"காந்தட்டும்" என்றார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு நோரோ டம்ளருக்குள் பார்த்தாள், குடித்தாள். தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மறுபடியும் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பரிமாறிய இசக்கிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புச் சூடு என்று பேச்சியம்மாளிடம் சொன்னார்.

மாசக் கடைசியில் பொன்துரை போன் செய்தான். "டிக்கெட் போடட்டுமாப்பா?"

"என் மாஸ்டரை எங்கலே அனுப்பப் பாக்கே?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார்.

அதற்கு அடுத்த நாள் தானே ரனுவூலா வைப்பது என்று முடிவு செய்தார். நோரோவை உட்காரச் சொல்லிவிட்டுச் சோறு பொங்கினார். சடசடச் சத்தம் வரும்வரை பொறுத்தார், வாடை வரும்வரை பொறுத்தார், அதற்குமேலும் கொஞ்சம் பொறுத்தார். தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றார். முப்பத்து நான்கு வருஷத்தில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவர் இப்படிப் பயந்து நின்றதில்லை.

நோரோ ஒரு மடக்கு குடித்தாள். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"சரியா இருக்கா, தாயி?"

அவள் யோசித்தாள். தெரிந்த தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"பத்தலை, மாமா" என்றாள். "இன்னும் காந்தணும்."