பாதிக் கிரேயான்

அன்று பால்வாடியில் இருந்தவர்கள்: பிள்ளைகள் பத்தொன்பது பேர். மரகதவல்லி டீச்சர். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் தனுஷ்கோடி. சமையல் ஆயாவான நான். காய்ச்சலால் வராத ஒருவனை இதில் சேர்க்கவில்லை.

மாஸ்டர் தினமும் காலையில் பேத்தி சிந்துஜாவை வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் புதுக் கிரேயான் பெட்டி.

"டீச்சர், என் பேத்தி என்னைக் கண்டா தாளை மறைக்கிறா."

டீச்சருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"எப்போலேர்ந்து சார்?"

"போன வாரம் அந்தச் செம்பருத்தி போட்டதுலேர்ந்து."

அந்தச் செம்பருத்தி சுவரில் ஒட்டியிருந்தது. கோடு டீச்சர் போட்டது. சிந்துஜா அதற்குள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் அழைத்துப்போக வந்துவிட்டார். அருகில் குனிந்து முடித்துக் கொடுத்தார். ஐந்து இதழும் ஒரே சீரான சிவப்பு. கோட்டைத் தாண்டி ஒரு புள்ளி இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

"அது யார் போட்ட பூ சார்?"

"அவ போட்டதுதான். கையை மட்டும் நான் பிடிச்சுக்கிட்டேன்."

டீச்சர் சுவரில் இருந்த பூவைத் திரும்பிப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு வருஷம் படம் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த ஒத்தைப் பிள்ளைகிட்ட எப்படிப் போறதுன்னு தெரியல. வீட்லயும் கிட்ட வரமாட்டேங்குறா. நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"உக்காருங்க சார்."

மாஸ்டர் நாற்காலியைத் தேடினார். இருந்தது ஒன்று. அதன்மேல் அரிசி மூட்டை. தரையிலேயே உட்கார்ந்தார். முழங்கால் மடங்க மறுத்தது.

"ஏய், தாத்தாவுக்குச் சம்மணம் போட வரலடா!" என்றான் பாண்டிமுருகன்.

பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். சிந்துஜா தன் தாளின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

டீச்சர் புதுப் பெட்டியைத் திறந்தாள். முதலில் சிவப்பை எடுத்தாள்.

டக்.

"டீச்சர்! புதுசும்மா அது!"

அடுத்தது மஞ்சள். டக்.

"என் கிளாஸ்ல இப்படி உடைச்சவனை வெளியில நிறுத்தியிருப்பேன்."

"நீளமா இருந்தா உலக்கை மாதிரி முழுக் கையால பிடிப்பாங்க சார். குட்டையா இருந்தாத்தான் விரல் நுனிக்கு வரும்."

பன்னிரண்டையும் உடைத்தாள். இருபத்துநான்கு துண்டு.

அந்தப் பால்வாடி இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அதன் பக்கம் போகும்போதெல்லாம், கொதிக்கிற சத்துமாவும் கிரேயான் மெழுகும் கலந்த அந்த வாசனைக்காக ஒரு நிமிஷம் நிற்பேன். வருவதில்லை. அந்த 'டக்' மட்டும் கேட்கிறது.

துண்டுகளைக் காலி டப்பாவில் போட்டு நான்தான் சுற்றிவந்து கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பத்தொன்பது போயிற்று. டீச்சர் ஒரு சிவப்புத் துண்டையும் ஒரு செம்பருத்தித் தாளையும் மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

"நீங்களும் போடுங்க சார்."

"நானா?"

டீச்சர் அதற்குள் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள்.

மாஸ்டர் துண்டைப் பிடித்தார். அந்தத் தடித்த விரல்களுக்குள் அது காணாமல் போனது. முனை எங்கே படுகிறது என்று அவருக்கே தெரியவில்லை. முதல் இதழிலேயே சிவப்பு கோட்டைத் தாண்டி ஓடியது.

"ரப்பர் இருக்கா?"

"இங்க ரப்பர் கிடையாது சார்," என்றேன் நான்.

இரண்டாவது இதழ் இன்னும் மோசம். டீச்சர் திரும்பி அவர் பக்கம் வந்தாள்.

மாஸ்டர் சட்டென்று உள்ளங்கையால் தாளை மூடினார்.

மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் நிற்காமல் கடந்து போனாள்.

சிறிது நேரம் கழித்து சிந்துஜா நகர்ந்து வந்தாள்.

"கையை எடு தாத்தா."

அவர் எடுக்கவில்லை.

"எடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

எடுத்தார். அவள் குனிந்து பார்த்தாள்.

"வெளியில போயிருச்சு."

"ஆமா."

சிந்துஜா தன் தாளைக் கொண்டுவந்து அவர் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் பூவில் காம்பு வரைக்கும் ஊதா. மாஸ்டர் அவள் கையைத் தொடவில்லை. சத்துமாவு ஆறும்வரை இருவரும் தீட்டினார்கள்.

மாலையில் துண்டுகளை வாங்கி வைப்பது என் வேலை. பால்வாடிப் பொருள் வீட்டுக்குப் போகக்கூடாது. வாசலில் நின்று ஒவ்வொரு கையாகப் பார்ப்பேன்.

சிந்துஜா கையைத் திறக்கவில்லை.

"ஆயா, இதை வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"எதுக்குடி?"

"தாத்தாவுக்கு இன்னும் வரல. போட்டுப் பழகணும்."

"உங்க தாத்தாகிட்ட இல்லாத கலரா?"

"அதெல்லாம் நீளம்."

மாஸ்டர் வாசலுக்கு வெளியே செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் டீச்சரைப் பார்த்தேன். அவள் பாய் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

"சரி. ஒண்ணு போதும்ல?"

"ரெண்டு வேணும். நானும் கூட உக்காந்து போடுவேன்." கொஞ்சம் யோசித்தாள். "கையைப் பிடிக்கமாட்டேன்."

மீதித் துண்டுகளை எண்ணி டப்பாவை மூடினேன். இருபத்திரண்டு.